சபர் மாதத்தில் வழியனுப்பியவள்

மாவிலையில் எழுதுவதற்கு இளந்தளிர் ஆகாது; குங்குமப்பூ மை நிற்காமல் வழிந்துவிடும். முற்றிய இலையும் ஆகாது. நரம்பு தடித்துக் குச்சியைத் தட்டிவிடும். நடுப்பருவத்து இலையாக, பூச்சி அரிக்காததாகப் பார்த்துப் பறித்து, ஈரத்துணியால் துடைத்து, நிழலில் கொஞ்சநேரம் வாடவிட வேண்டும். குங்குமப்பூவை முதல்நாளே பன்னீரில் ஊறப்போட வேண்டும். எங்கள் தெருப் பெண்களில் இந்தப் பதமெல்லாம் தெரிந்தவள் நான் ஒருத்திதான். இதைச் சொல்ல எனக்கு வெட்கம் ஒன்றும் இல்லை. தமிழ் எழுத்து எனக்குப் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போன பிறகுதான், அவர்கள் சிலேட்டைப் பார்த்துப் பார்த்து வந்தது. ஆனால் ஸலாம் என்று தொடங்கும் அந்த ஏழு அரபி வாசகங்களை, இலை கிழியாமல், ஒரு புள்ளி இடம் மாறாமல் எழுதுவேன். வேறு ஊரில் வாழ்க்கைப்பட்ட பெண்கள்கூட ஆள் அனுப்பி என் இலையை வாங்கிப்போனார்கள்.

எதற்கு அந்த இலை என்று இந்தக் காலத்துப் பிள்ளைகள் கேட்பார்கள். எங்கள் பிறைக் கணக்கில் இரண்டாவது மாதம் சபர். முசீபத்து எல்லாம், அதாவது நோயும் கேடும் எல்லாம், அந்த மாதத்தில்தான் வானத்திலிருந்து இறங்கும் என்று எங்கள் பக்கம் நம்பினார்கள். சபரில் கல்யாணம் பேசமாட்டார்கள், வீடு மாறமாட்டார்கள், பயணம் கிளம்பமாட்டார்கள். மாதத்தின் கடைசிப் புதன்கிழமைக்கு ஒடுக்கத்துப் புதன் என்று பெயர். அன்றைக்கு எழுதிய இலையைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, மிச்சத்தைத் தலையில் ஊற்றிக்கொண்டு, கடலில் போய் முழுகினால் வந்த கேடெல்லாம் கழிந்துவிடும்.

உண்மையைச் சொன்னால், கேடு கழிவதைவிடக் கடலைப் பார்ப்பதுதான் எங்களுக்குப் பெரிதாக இருந்தது.

எங்கள் ஊர் தேவிபட்டினத்துக்குக் கொஞ்சம் தள்ளி, கரையை ஒட்டியது. தோணியில் சரக்கு ஏற்றி இலங்கைக்குப் போய்வந்த குடும்பங்கள். ஆண்களுக்குக் கடலே தெரு மாதிரி. பெண்களுக்கு முடுக்கு. வீடுகளின் பின்புறமாக, இரண்டு பேர் ஒதுங்கி நடக்கிற அகலத்தில், ஆண்கள் வராத சந்து அது. அதிலேயே ஊரை ஒரு சுற்றுச் சுற்றி வந்துவிடலாம். கடல் மட்டும் அதில் வராது. வாடை வரும். உப்புக்காற்று பட்டு ஜன்னல் கம்பி துருப்பிடிக்கும், பெட்டியில் மடித்துவைத்த சேலைகூடப் பிசுபிசுக்கும். அவ்வளவு பக்கத்தில் இருந்துகொண்டு நாங்கள் கடலைக் கனவில் பார்த்தோம். என் கனவில் அது இளம்பச்சையாக எங்கள் வாசல்வரை வந்து, படியை நனைக்காமல், யாரையோ தேடி வந்து காணாத மாதிரி திரும்பிப் போகும். மதினியின் கனவில் என்ன வரும் என்று நான் கேட்டதில்லை. கேட்காமலே தெரியும்.

மதினி என் காக்காவின் பெண்சாதி. காக்கா என்றால் எங்கள் பேச்சில் அண்ணன். தாய் தகப்பன் இல்லாத பெண் என்பதால் கல்யாணம் முடிந்ததும் எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டாள். என் மாப்பிள்ளை, அதாவது புருஷன், கொழும்பில் கடையில் இருந்தார். வருஷத்துக்கு ஒருதரம் வருவார். ஆகவே வீட்டில் உம்மா, நான், மதினி, என் சின்னப் பிள்ளைகள். என் தம்பி, எல்லாருக்கும் இளையவன், வடக்கே ஒரு மதரஸாவில் ஓதிக்கொண்டிருந்தான்.

வெள்ளைக்காரன் போய்க் கொஞ்ச வருஷம் ஆகியிருந்தது. இலங்கைக்குப் போகவர பாஸ்போர்ட்டு, சீட்டு என்று கெடுபிடி தொடங்கியிருந்தது. அந்த வருஷம் சபர் மாதத்தில் காக்காவின் தோணி சரக்கு ஏற்றி நின்றது. காற்றும் வாகாகத் திரும்பியது. மாதம் கழியட்டும் என்று உம்மா சொன்னார்கள். காற்று மாதம் பார்த்து நிற்குமா என்றார் காக்கா. இரண்டு பேரும் விடவில்லை. கடைசியில் காக்கா சிரித்துக்கொண்டே மதினி பக்கம் திரும்பி, "நீ சொல்லு. போகவா, இருக்கவா?" என்று கேட்டார். மதினி சோற்றுப்பொதியை அவர் கையில் கொடுத்து, "போயிட்டு வாங்க" என்றாள். அவளும் சிரித்தாள். புதுசாகக் கல்யாணமான பெண், புருஷன் கேட்டால் வேறென்ன சொல்வாள்?

அந்தத் தோணி அக்கரைக்கும் போகவில்லை, இக்கரைக்கும் வரவில்லை. ஒரு பலகைகூடக் கரை ஒதுங்கவில்லை. மவுத்தா, ஹயாத்தா, அதாவது செத்தாரா இருக்கிறாரா என்று சொல்ல ஒருவரும் இல்லாததால் மதினி விதவைகள் ஒதுங்கியிருக்கும் இத்தாவும் இருக்கவில்லை, கழுத்தில் கிடந்த தாலிக் கருகமணியைக் கழற்றவும் இல்லை. உம்மா அழுது முடித்த பிறகு ஒரே ஒரு தடவை சொன்னார்கள்: "சபர்ல வழியனுப்புன வாயி அது." ஒரே தடவைதான். ஆனால் முடுக்கில் அந்தப் பேச்சு வீடுவீடாக நடந்து போய்விட்டது.

அதற்குப் பிறகு மதினி யாருக்கும் "போயிட்டு வாங்க" என்று சொன்னதில்லை. என் மாப்பிள்ளை கொழும்புக்குக் கிளம்பும் காலையில் அவள் தானாகவே எழுந்து கொல்லைப்பக்கம் போய்விடுவாள். பஸ் போன சத்தம் கேட்டபிறகுதான் உள்ளே வருவாள். ஓதப் போகிற என் பிள்ளைகளுக்குக்கூடத் தலையை மட்டும் ஆட்டுவாள். மீன் கொண்டுவரும் கிறிஸ்தவப் பொம்பளை ஒருத்தி, கூடையைத் தூக்கும்போது, "வாரேன் தாயி" என்று நாலுதரம் சொல்லிப் பார்ப்பாள். மதினி வாயைத் திறக்கமாட்டாள்.

"ஒங்க மதினி வாய்க்குள்ள முத்தா வச்சிருக்கு?" என்று என்னிடம் கேட்பாள் அவள்.

"ஒன் மீன் நாறுது. அதான் வாயத் தொறக்கல" என்பேன் நான்.

ஒடுக்கத்துப் புதன் அன்று மட்டும் மதினி பேசுவாள். சாயந்தர அசர் தொழுகை முடிந்து, ஆண்கள் கரையை ஒதுக்கிக்கொடுத்த பிறகு, வெள்ளைத் துப்பட்டி போர்த்திக்கொண்டு முடுக்குமுடுக்காகப் பெண்கள் வருவோம். முடுக்கு முடிகிற இடத்தில் வெளிச்சம் முகத்தில் அறையும். எங்கள் பக்கத்துக் கடலைப் பெண்கடல் என்பார்கள். தெற்கே உள்ள ஆண்கடல் மாதிரி அடித்துப் புரளாது. தட்டில் வைத்த தண்ணீர்போலக் கிடக்கும். நாங்கள் போய் நின்றால் எங்களைக் கண்டு அது வெட்கப்படுவது மாதிரியும், அதைக் கண்டு நாங்கள் வெட்கப்படுவது மாதிரியும் இருக்கும். பிறகு கூச்சம் போய்விடும். பெரிய பெரிய மாமிமார்கள் பிள்ளைகள் மாதிரி தண்ணீரை அடித்துக்கொள்வார்கள். மதினி மட்டும் முழங்கால் ஆழத்தில் தனியாக நின்று, நான் எழுதிக்கொடுத்த இலையைத் தண்ணீரில் விட்டு, கிழக்கே பார்த்து உதடு அசைப்பாள். ஸலாம் சொன்னதுவரை எனக்குக் கேட்கும். மற்றதை அலை வாங்கிக்கொள்ளும். புருஷனை அடக்கின கபுறு இருந்தால் அங்கே போயிருப்பாள். அவளுக்கு இருந்தது அந்தக் கடல்.

இப்படியிருக்கையில்தான் தம்பி ஓதி முடித்து, மார்க்கம் படித்த ஆலிமாகி, ஊருக்கு வந்தான். மீசையை ஒதுக்கி, தாடி விட்டு, மெலிந்து போயிருந்தான். சின்னப் பையனாக மதரஸா லீவில் வந்தவனுக்குச் சோறு பிசைந்து கொடுத்தவள் மதினி. இப்போது அவன் வாசலிலேயே இருமிவிட்டுத்தான் உள்ளே வந்தான். அவள் திரைக்குப் பின்னால் ஒதுங்கிக்கொண்டாள். வந்தது சபர் பிறந்து சில நாளில். முதல் வெள்ளிக்கிழமை ஜும்ஆவிலேயே பேசிவிட்டான். கபுறுக்கு முன்னால் தலை குனியாதே, கொடிமரத்துக்கு நேர்ச்சை கட்டாதே, மாதத்தில் கெட்ட மாதம் என்று ஒன்று இல்லை, ஒடுக்கத்துப் புதனுக்கு மார்க்கத்தில் இடமில்லை. கிழவர்கள் சிலர் பாதியில் எழுந்து போனார்களாம். வாலிபர்கள் முன்வரிசைக்கு வந்தார்களாம். அவன் சொன்னது அவ்வளவுதான். ஆண்கள் அதோடு இன்னொன்றையும் சேர்த்துக்கொண்டார்கள்: புதன் இல்லையென்றால் பெண்களுக்குக் கடற்கரையில் என்ன வேலை? இந்த வருஷம் கரையை ஒதுக்கித் தரமாட்டோம்.

முடுக்கு முழுக்க என் வீட்டுக்கு வந்துவிட்டது. மேலவீட்டு மாமி வாய் துடுக்கு. "ஒன் தம்பி ஓதப் போனானா, எங்க கடலப் பூட்டச் சாவி வாங்கப் போனானா?" என்றார்கள்.

எனக்குக் கோபம். என் இலையைத் தொட்டுவிட்டான் என்பது ஒன்று, மறைக்கமாட்டேன். அதைவிட, மதினியின் வருஷத்தில் இருந்த ஒரே நாளைப் பிடுங்கிவிட்டானே என்பது. பகல் சோற்றுக்கு உட்கார்ந்தவனிடம் கேட்டேன்.

"ஏன்டா, மாவிலையக் கண்டா ஒனக்கு என்ன செய்யிது?"

"இலை ஒண்ணும் செய்யல, லாத்தா. அந்த நாளுக்குப் பயப்படுறோமே, அதுதான் ஆகாது. அல்லா படைச்ச நாள்ல நல்லது கெட்டதுண்டு பிரிக்க நம்ம யாரு?" லாத்தா என்றால் அக்கா.

"ஒன் வாப்பா முழுகுனாக, வாப்பாவோட வாப்பா முழுகுனாக. அவுகளுக்கெல்லாம் தெரியலயா?"

"அவுகளுக்குச் சொல்ல ஆளு இல்ல."

"சொல்ல நீ வந்துட்ட. மூக்கொழுகிக்கிட்டு என் துப்பட்டியப் பிடிச்சுக்கிட்டுக் கடலுக்கு வந்தவன்தான நீ? அண்டைக்கு முழுகுன முழுக்குலதான் ஒனக்கு ஓதல் ஏறுச்சு."

அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சோற்றைப் பார்த்துக்கொண்டே சிரித்தான். உம்மா மூலையில் சின்ன உரலில் பாக்கு இடித்துக்கொண்டிருந்தார்கள். நான் அடுத்ததற்கு வாயைத் திறக்குமுன் திரைக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது.

"தம்பி, ஒண்ணு கேக்கட்டா?"

அவன் கையைச் சோற்றிலிருந்து எடுத்தான். "கேளுங்க, மதினி."

"சபர்ல பயணம் போனா ஆகாதுண்டு சொல்றாகளே. அது பொய்யா?"

"பொய்தான்."

"ஊர்ல சொல்றத நீங்களா இல்லேண்டு சொல்றதா, இல்ல கிதாபுல இருக்கா?"

"கிதாபுல இருக்கு, மதினி. நபி அவுக காலத்துக்கு முந்தின ஆளுக அப்படி நம்பிக்கிட்டு இருந்தாக. அத இல்லேண்டு ஆக்குனதே நம்ம மார்க்கம்தான்."

"நீங்க கண்ணால பாத்தீகளா?"

"பாத்தேன். ஒஸ்தாது முன்னால உக்காந்து ஓதுனேன்."

பாக்கு இடிக்கிற சத்தம் நின்றிருந்தது. அது எப்போது நின்றது என்று எனக்குத் தெரியாது.

"அப்ப ஒங்க காக்கா..." என்றாள்.

தம்பிக்கு ஒன்றும் புரியவில்லை. தோணி போனபோது அவன் ஊரில் இல்லை. வீட்டுக்குள் சொன்ன சொல்லை யாரும் அவனுக்குச் சொன்னதில்லை. என் முகத்தைப் பார்த்தான், உம்மா முகத்தைப் பார்த்தான். மெல்ல மெல்ல அவனுக்கு விளங்கியது. விளங்கியதும் அவன் முகம் சின்னப் பையன் முகமாகிவிட்டது.

"காத்து அடிச்சிருக்கும், மதினி," என்றான். "கடல்ல காத்து அடிக்கும், தோணி கவுந்துரும். அது அல்லா நாடுனது. மாசம் என்ன செய்யும்? ஒரு மனுசி வாயால சொன்ன சொல்லு என்ன செய்யும்?"

கொஞ்சநேரம் கழித்துக் கொல்லையில் வாளி கிணற்றில் விழுகிற சத்தம் கேட்டது. மதினி தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தாள், தேவைக்கு மேலே, தொட்டி நிரம்பி வழிய வழிய.

நான் அவளுக்காகத்தான் சண்டைக்கு நின்றேன். அவளோ என் சண்டை முடியட்டும் என்றுகூடக் காத்திருக்காமல், தனக்கு வேண்டியதை அவனிடமே கேட்டு வாங்கிக்கொண்டாள். இத்தனை வருஷம் ஒவ்வொரு ஒடுக்கத்துப் புதனுக்கும் நான் எழுதிக்கொடுத்த இலை அவளிடமிருந்து கழிக்காததை, அவன் ஒரு பேச்சில் கழித்துவிட்டான். அன்றைக்கு அது எனக்குச் சுருக்கென்றுதான் இருந்தது. ஆனால் கடலை விட்டுக்கொடுக்க எனக்கு மனசில்லை.

சாயந்தரம் அவனைப் பிடித்துக்கொண்டேன். "எல்லா நாளும் ஒண்ணுதானடா?"

"ஒண்ணுதான், லாத்தா."

"அப்ப வியாழக்கிழமையும் நல்ல நாளுதான?"

"நல்ல நாளுதான்."

"கடலும் அல்லா படைச்சதுதான?"

ஆமாம் என்று தலையை ஆட்டினான்.

"புதனுக்கு நாங்க வரல. இலையும் எழுதல. வியாழக்கிழம கடலப் பாக்க வாரோம். கேடு கழிக்க இல்ல, சும்மா. அதுக்கு ஒன் கிதாபுல தடை இருந்தா எடுத்துக்காட்டு."

அவன் தாடியைத் தடவினான். பிறகு பள்ளிவாசலுக்குப் போனான். அங்கே என்ன பேசினான் என்று தெரியாது. ஒரு பெரியவர் மட்டும், "ஒங்க லாத்தாவ மதரஸாவுக்கு அனுப்பியிருக்கணும்" என்றாராம். அதைத் தம்பியே வந்து சொன்னான். நான் பெருமைப்பட்டுக்கொண்டேன், இன்றைக்கும் படுகிறேன்.

ஒடுக்கத்துப் புதன் சத்தமில்லாமல் வந்து போனது. எனக்குக் கை அரித்தது. மாமரத்தைப் பார்க்காமல் அந்தப் பகலை ஓட்டினேன்.

வியாழக்கிழமை அசருக்குப் பிறகு போனோம். தம்பி முடுக்கு முனையில் கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, ஆண்கள் வராமல் காவல் நின்றான். அந்தச் சாயந்தரத்தை எத்தனையோ தடவை கனவில் திரும்பப் பார்த்திருக்கிறேன். எது நடந்தது, எது கனவில் சேர்ந்தது என்று இப்போது பிரிக்கத் தெரியவில்லை. கடல் பால் மாதிரி வெளுத்துக் கிடந்தது. வானம் எங்கே முடிகிறது, தண்ணீர் எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை. தூரத்தில் ஒரு பாய் நின்றது, போகிறதா வருகிறதா என்று சொல்லமுடியாமல். கேடு கழிக்கிற வேலை இல்லாததால் யாருக்கும் அவசரமில்லை. முழுகவேண்டியதில்லை. உட்கார்ந்திருந்தாலே போதும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. மேலவீட்டு மாமி மணலில் மல்லாந்து படுத்து, "இம்புட்டு நாளா முதுக நனைச்சுட்டே போயிட்டோம், இத உக்காந்து பாக்கலயே" என்றார்கள்.

வலை உலர்த்திக்கொண்டிருந்த மீன்காரி எட்ட நின்று கேட்டாள். "என்ன தாயி, கடல் கழுவுற நாளு நேத்துல்ல? கணக்குத் தப்பிப்போச்சா?"

"கழுவ வரல. பாக்க வந்தோம்" என்றேன்.

"பாக்கவா? இதுல என்ன இருக்கு பாக்க?" என்று அவளும் திரும்பி, முதல்தடவையாகப் பார்ப்பவள் மாதிரி கடலைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

மதினி தண்ணீரில் இறங்கவில்லை. என் பக்கத்தில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். உதடு அசையவில்லை. காக்காகிட்ட ஒன்றும் பேசவில்லையா என்று கேட்டேன்.

"வருசா வருசம் மாப்புத்தான் கேட்டுக்கிட்டு இருந்தேன்," என்றாள். "இப்பக் கேக்க ஒண்ணும் இல்ல. சும்மா இருக்கேன், அவுகளும் சும்மா இருக்காக."

உம்மா கடலுக்கு வரவில்லை. தம்பி சொன்ன நாளிலிருந்து உம்மாவுக்குப் பேச்சு குறைந்துபோயிருந்தது. மதினி கொண்டுவந்து வைக்கிற சோற்றைத் தலை நிமிராமல் சாப்பிட்டு எழுந்துவிடுவார்கள். பெற்ற வயிறு. மகன் போனதற்கு ஒரு காரணம் இருந்தது. அதையும் இளைய மகன் வந்து எடுத்துப்போட்டுவிட்டான். இனி அந்தத் துக்கத்தை எதில் மாட்டிவைப்பது?

அந்தச் சமயத்தில் தம்பிக்கு ஆர்.எஸ்.மங்கலம் பக்கத்து ஊர் ஒன்றில் பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுக்க அழைப்பு வந்தது. சனிக்கிழமை கிளம்ப வேண்டும். சபர் முடிய இன்னும் நாள் இருந்தது.

"பிறை பாத்துட்டுப் போயேன்" என்றார்கள் உம்மா.

"உம்மா, அங்கன கடல் ஏது? கண்மாய்தான் இருக்கு."

"கண்மாயிலயும் ஆளு முங்குவான்."

"அப்ப பிறை பாத்துட்டுப் போனா மட்டும் மிதப்பேனா?" என்றான். சொன்ன பிறகு அவனுக்கே சங்கடமாகிவிட்டது. அவன் நினைத்தால் இரண்டு நாள் தங்கியிருக்கலாம். தங்கினால் திரைக்குப் பின்னால் சொன்னதெல்லாம் வெறும் பேச்சாகிவிடும் என்று அவனுக்குத் தெரியும். எனக்கும் தெரியும். உம்மாவுக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

சனிக்கிழமை விடியலில் சுபுஹு தொழுதுவிட்டு வந்து பெட்டியை எடுத்தான். அடுப்படியில் பொதி தயாராக இருந்தது, மதினி கட்டியது. கட்டிவைத்துவிட்டு அவள் வழக்கம்போலக் கொல்லைப்பக்கம் நடந்தாள். எனக்கும் அவளைத் தடுக்கத் தோன்றவில்லை. எத்தனை வருஷத்துப் பயம், சில வாரத்தில் போய்விடுமா?

உம்மா பாக்கு உரலைக் கீழே வைத்தார்கள். "எங்க போற?" என்றார்கள், கொல்லைப்பக்கம் பார்த்து. மதினி நின்றாள்.

"பொதி கட்டுனவ கையால குடுக்கணும்ல? வா இங்கன."

மதினி துப்பட்டியை இழுத்து முகத்தை மூடிக்கொண்டு வந்தாள். பொதியை எடுத்தாள். தம்பி கண்ணைத் தாழ்த்திக்கொண்டு வாங்கிக்கொண்டான். வாங்கிக்கொண்டு கிளம்பாமல் நின்றான். உம்மா அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். தெருவில் பஸ்ஸுக்குப் போகிறவர்களின் காலடிச் சத்தம் கேட்டது.

"போயிட்டு வாங்க, தம்பி" என்றாள் மதினி.

அந்தக் குரல் எங்கள் வீட்டில் அந்தச் சொல்லைச் சொல்லிக் கேட்டு எவ்வளவு காலம் ஆகியிருந்தது. சுவருக்குக்கூடப் புதுசாக இருந்திருக்கும். தம்பி ஸலாம் சொல்லிவிட்டு இறங்கி நடந்தான். மதினி கொல்லைக்கு ஓடவில்லை. கதவிடுக்கில் நின்று, அவன் தெருமுனை திரும்புகிறவரை பார்த்தாள். திரும்பிய பிறகும் பார்த்தாள். உம்மா உரலை மறுபடி மடியில் வைத்து இடிக்கத் தொடங்கினார்கள். இடித்த முதல் பாக்கை மதினி பக்கம் நீட்டி, "நாலு நாள்ல வந்துருவான்" என்றார்கள், தனக்கா அவளுக்கா என்று தெரியாமல்.

கொஞ்சநேரத்தில் மீன்காரி வந்தாள். கூடையை இறக்கி, கொடுத்து, வாங்கி, தலையில் தூக்கிக்கொண்டு, "வாரேன் தாயி" என்றாள், பழக்கத்தில்.

"போயிட்டு வா" என்றாள் மதினி.

மீன்காரி கூடையோடு அப்படியே திரும்பி நின்றாள். "என்ன சொன்னீக?"

"போயிட்டு வான்னேன்."

"இன்னொருக்கச் சொல்லுங்க" என்றாள் மீன்காரி.